பள்ளிக்கு அனுப்பும் பாடு: வாசகர் கேள்விகள்

பையன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான். என்ன செய்வது? (காட்பாடி)

வயசு என்ன, எந்த வகுப்பு, எப்போதிலிருந்து? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? மறுபடி எழுதுங்கள். அதுவரை அவன் போகாத நாளையெல்லாம் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

இரண்டாவது படிக்கும் மகளுக்குத் தினமும் காலையில் வயிற்றுவலி. பத்து மணிக்குச் சரியாகிவிடுகிறது. (அணைக்கட்டு)

டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அங்கே ஒன்றுமில்லை என்றால் விஷயம் பள்ளியில் இருக்கிறது. பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், கழிப்பறைக்குப் போகிறாளா என்று மெல்லக் கேளுங்கள். வெறும் வயிற்றோடு கிளம்புகிற பிள்ளையா? அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு உண்டு. கொஞ்சம் முன்னதாக அனுப்புங்கள்.

வாரத்துக்கு ஒரு நாள் லீவு போட்டால் என்ன குறைந்துவிடும்? (குடியாத்தம்)

வருஷத்துக்கு நாற்பது நாள் சொச்சம் குறையும். காலண்டரில் வட்டம் போட்டுப் பாருங்கள், நீங்களே மிரண்டுபோவீர்கள்.

பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவோம். டிசி இல்லாமல் அங்கே பிள்ளையைச் சேர்ப்பார்களா? (ஒடுகத்தூர்)

சேர்த்தே ஆக வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாவது வரை டிசி வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. கிளம்பும் முன் வகுப்பாசிரியரிடம் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் உங்கள் பிள்ளைக்கு உள்ள எண்) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் 14417-க்குப் போன் போடுங்கள்.

சட்டம் இருந்தும் பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுபோவது வேறு இடத்தில். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு, சூளையிலிருந்து திரும்பிய பெண் ஜூன் மாதம் வந்தாள். சுடாத பச்சைச் செங்கல்லைத் திருப்பிப் போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் தேய்ந்திருந்தது. “இத்தனை நாள் எங்கே மேயப் போனே?” என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டார் ஓர் ஆசிரியர். மறுநாள் அவள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. ஆசிரியர்களே, பல கடிதங்களில் சொன்னதுதான்: திரும்பி வந்த பிள்ளையிடம் முதலில் கணக்குக் கேட்காதீர்கள். உட்கார இடம் காட்டுங்கள், நோட்டைத் திறந்து விட்ட பாடத்தைச் சொல்லுங்கள். காரணத்தைச் சாயந்திரம் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு மறுநாள் பாதி வகுப்பு காலி. என்ன செய்ய? (வேலூர், ஆசிரியர்)

அன்றைக்குப் புதுப் பாடம் எடுக்காதீர்கள். வந்தவர்களுக்குக் கதை சொல்லுங்கள்.

வருஷம் முழுக்க வந்தவர்களுக்குப் பரிசு தரலாமா? (பேரணாம்பட்டு, ஆசிரியை)

வேண்டாம். ஜூலையில் ஒரு நாள் காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு மார்ச் வரை என்ன ஆசை மிஞ்சும்? இன்னொருத்தி பரிசுக்காகக் காய்ச்சலோடு வந்து பெஞ்சு முழுக்கப் பரப்புவாள். போன மாதத்தைவிட இந்த மாதம் கூடுதலாக வந்தவர்களுக்கு ஒரு பென்சில் கொடுங்கள், போதும்.