கொலரைப் பிடித்துவிட்டீர்கள், கால் எங்கே நிற்கிறது?

கேள்வி: வணக்கம் அண்ணா. கொழும்பில் வேலை செய்த காலத்தில் பிரேசிலியன் ஜியு ஜிட்சு என்கிற, நிலத்தில் பிடித்து அடக்குகிற மல்யுத்தக் கலையைப் பழகத் தொடங்கினேன், நீலப் பட்டி. இப்போது ஊருக்கு வந்து நண்பர்களோடு ஒரு வீட்டு மண்டபத்தில் மெத்தை விரித்துப் பயிற்சி செய்கிறேன். நிலத்துக்குப் போனால் சமாளிப்பேன், நின்றபடி பிடித்தால் ஒருவரையும் விழுத்த வருவதில்லை. காணொளி பார்த்து சேயோ நாகே (திரும்பி ஆளை முதுகில் ஏற்றி எறிவது), உச்சி மத்தா (திரும்பி உள்தொடையைக் காலால் வாரி எறிவது) எல்லாம் முயன்றேன். நான் திரும்புகிற நேரம் பார்த்து முதுகைப் பிடித்துவிடுகிறார்கள். பாடசாலையில் ஜூடோ செய்த ஒரு பொடியன் "உங்களுக்குக் கால் சரியில்லை அண்ணை" என்கிறான். ஜூடோவின் காலடிகளைத் தனியாகப் பழகினால் பயன் உண்டா?
– ஒரு வாசகர், கோண்டாவில்

பதில்: தம்பி, அந்தப் பொடியனை விட்டுவிடாதீர்கள், கிழமையில் ஒரு நாளாவது உங்கள் மெத்தைக்குக் கூப்பிடுங்கள். அவன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான்.

காணொளியில் நாங்கள் பார்ப்பது எறிதலின் கடைசி அரைச் செக்கன். ஆள் பறக்கிறது, கண் அங்கேயே நிற்கிறது. அதற்கு முன்னால் எறிந்தவர் வைத்த இரண்டு மூன்று சின்ன அடிகளை யாரும் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில்லை. ஜூடோவில் ஒரு எறிதலை மூன்று பங்காகப் பிரிப்பார்கள்: குசுஷி என்றால் எதிராளியின் சமநிலையைக் குலைப்பது, சுகூரி என்றால் அந்த இடத்துக்குள் உங்கள் உடம்பைக் கொண்டுபோய் வைப்பது, காகே என்றால் எறிந்து முடிப்பது. நீங்கள் மூன்றாவதை மட்டும் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குலையாத ஆளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் அவர் முதுகில் ஏறாமல் என்ன செய்வார், அதுவும் முதுகைப் பிடித்தால் 4 புள்ளி கொடுக்கிற விளையாட்டில்?

சரி, காலடிக்கு வருவோம். முதலில் பழக வேண்டியது சுகி அஷி. முன்கால் போகும், பின்கால் அதைத் தொடர்ந்து வரும், ஆனால் அதைத் தாண்டாது, அதோடு போய் ஒட்டவும் மாட்டாது. முன்னுக்கு, பின்னுக்கு, பக்கவாட்டில், மூலைவாட்டில் எல்லாம் இப்படித்தான். சின்ன வயதில் கிளித்தட்டு விளையாடியிருப்பீர்கள்தானே? கோட்டில் நின்று மறிக்கிறவன் காலைக் குறுக்கே போட்ட நொடியில்தான் மற்றவன் தட்டைக் கடந்து ஓடுவான். இங்கேயும் அதே கதை, குறுக்கே போன கால் எடையை ஏற்காது, அந்த நேரம் சும்மா ஒரு இழுவைக்கே நீங்கள் விழுவீர்கள். இரண்டாவது அயுமி அஷி, சாதாரண நடைபோல ஒரு கால் மாறி ஒரு கால். மெத்தையில் ஆளை இழுத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் போக வேண்டுமானால் இதுதான் வேகம். இரண்டிலும் பாதம் உயராமல் மெத்தையை உரசிக்கொண்டே போக வேண்டும், அதற்குப் பெயர் சுரி அஷி. குதிக்கால் முழுதாக அழுந்தாமல், எடை பாதத்தின் முன்பக்க உருண்டையில் இருக்கட்டும். இந்த உரசல் நடைக்கு விறாந்தையின் சீமெந்துத் தரையே போதும், வெறுங்காலோடு இரவில் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் நடவுங்கள், வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும்.

அப்புறம் தாய் சபாகி, அதாவது உடம்பைத் திருப்புவது. உங்கள் சேயோ நாகே கெட்டுப்போவது இங்கேதான் என்பது என் ஊகம். வலது கால் எதிராளியின் வலது பாதத்துக்கு முன்னால் போய் விழும்போது விரல்கள் ஏற்கெனவே உள்ளே திரும்பியிருக்க வேண்டும், இடது கால் பின்னால் வட்டமாக வந்து அவருடைய கால்களுக்கு நடுவே அடைய வேண்டும். உங்கள் இடது கால் பாதி வழியில் நின்றுவிட்டால் இடுப்பும் பாதிதான் திரும்பும், அந்தப் பாதித் திருப்பத்தில்தான் உங்கள் முதுகு எதிராளியிடம் அகப்படுகிறது. சுவருக்கு முன்னால் நின்று ஆள் இல்லாமல் இந்த இரண்டு அடியையும் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு ஆளோடு உச்சிகோமி செய்யுங்கள், எறியாமல் உள்ளே புகுந்து புகுந்து வெளியே வருகிற பயிற்சி அது.

ஆனால் காலடி பழகிய பிறகும் இந்தத் திரும்புகிற எறிதல்களை முதலில் எடுக்க வேண்டாம் என்பேன். ஜூடோவில் அளவுக்கு மீறிக் குனிந்து தற்காத்தால் தண்டனை உண்டு, காலைக் கையால் பிடிப்பது 2010இல் பெரும்பாலும் தடுக்கப்பட்டு 2013இல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது, அதனால் அங்கே ஆட்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். ஜியு ஜிட்சுவில் இந்த இரண்டு கட்டுப்பாடும் இல்லை, ஆகவே உங்கள் நண்பர்கள் இடுப்பைப் பின்தள்ளி, காலை அகட்டி, தலையைக் கீழே வைத்துத்தான் நிற்பார்கள். அப்படி நிற்கிறவரின் இடுப்புக்குக் கீழே புகுவது கறுப்புப் பட்டிக்காரருக்கே லேசில்லை. குனிந்தவரின் எடை முன்னால் இருக்கிறது, அந்த முன்சாய்வைப் பயன்படுத்துங்கள். சசாயே சுரிகோமி அஷி அதற்கென்றே செய்ததுபோல இருக்கும்: அவருடைய வலது கால் முன்னே வரும்போது நீங்கள் உங்கள் வலது காலை அவருடைய இடது பாதத்துக்கு வெளியே, விரல் உள்நோக்கி வைத்து, இடது உள்ளங்காலை அவருடைய வலது கணுக்காலின் முன்பக்கத்தில் அணைவைத்து, கைகளால் வட்டமாகத் திருப்புவது. முதுகைக் காட்ட வேண்டியதில்லை. எதிராளியின் காலை உள்பக்கமாக வாரி விழுத்துகிற கோ உச்சி காரி, ஓ உச்சி காரி இரண்டும் அப்படித்தான், நெஞ்சு நெஞ்சைப் பார்த்தபடியே முடியும், தவறினாலும் பெரிய நட்டமில்லை.

எனக்கு மிகப் பிடித்தது தெ அஷி பராய், முன்னே வருகிற காலை வழித்து விழுத்துவது, அதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். எதிராளி வலது காலை முன்னே வைக்கிறார். பாதம் மெத்தையைத் தொட்டுவிட்டது, எடை இன்னும் முழுதாக வந்து இறங்கவில்லை. அந்த இடைவெளி கண் இமைக்கிற நேரம்தான். அதற்குள் உங்கள் இடது உள்ளங்கால் அவருடைய வெளிக்கணுக்காலுக்குக் கீழே போய், சுண்டுவிரல் ஓரம் மெத்தையை உரசியபடி, பாதத்தை வழித்துக்கொண்டு போக வேண்டும். அதே நேரம் இடது கையால் அவருடைய சட்டைக்கையைக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். உதைப்பது அல்ல இது. கணுக்கால் எலும்பில் 'டக்' என்று பட்டால் நேரம் தவறிவிட்டது, இரண்டு பேருக்கும் வலிக்கும். எடை இறங்கிவிட்ட காலை வழித்தால் தூணைத் தள்ளுவதுபோல ஒன்றும் அசையாது, எடை வருவதற்கு முன்பே வழித்தால் அவர் காலைத் தூக்கிவிட்டுச் சிரிப்பார். இதைப் பழக ஒரே வழி, இருவரும் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு மெத்தையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்து, ஒவ்வோர் அடியிலும் வழித்து வழித்துப் பார்ப்பது. பலம் போடாமல், ஒரு மாதமாவது. உங்கள் சொந்தக் காலடி ஒழுங்காக இருந்தால்தான் அவருடைய அடி எப்போது இறங்குகிறது என்று உங்கள் பாதத்துக்கே தெரியவரும், ஜூடோக்காரர் நடையில் இவ்வளவு நேரம் செலவழிப்பதன் காரணமும் அதுதான்.

இன்னொரு நன்மை. ஜூடோவில் ஆள் பிருட்டத்திலோ கை முழங்காலிலோ விழுந்தால் இப்பொன் என்கிற முழு வெற்றி கிடையாது. ஜியு ஜிட்சுப் போட்டி விதிப்படி அவர் பிருட்டம் குத்தி விழுந்தாலும், நாலு காலில் விழுந்தாலும், நீங்கள் மேலே 3 செக்கன் நிலைத்திருந்தால் 2 புள்ளி உங்களுக்கு. அழகாகப் பறக்க வைக்கத் தேவையில்லை, ஒரு சின்ன வழிப்பு, பின்னால் ஒரு தள்ளு, மேலே நீங்கள்.

ஜூடோவைக் கேட்பதில் கூச்சமும் வேண்டாம். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் தோக்கியோவில் கொடோக்கன் என்கிற ஜூடோப் பள்ளியைத் தொடங்கினார், அங்கே பழகிய மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசிலுக்குப் போய், பிறகு பெலேம் நகரில், பிரேசிலியன் ஜியு ஜிட்சுவை வளர்த்தவர்களில் ஒருவரான கார்லோஸ் கிரேசிக்குக் கற்றுக்கொடுத்தார். நீங்கள் செய்கிற கலை அங்கிருந்து வந்ததுதான்.

கேள்வி: எனக்கு நாற்பத்தைந்து வயது. மகனோடு சேர்ந்து பழகுகிறேன். எறியப்படும்போது முழங்கால் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், சாவகச்சேரி

பதில்: ஐயா, பயம் நியாயமானது, அதைக் கூட்டாளிகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விழப் பழகுவதுதான் முதல் வேலை. நாடியை நெஞ்சோடு சேர்த்து, கையால் மெத்தையை அடித்து, கையை ஊன்றாமல் விழ வேண்டும், ஊன்றினால் மணிக்கட்டும் முழங்கையும் மாட்டிக்கொள்ளும். முழங்காலைக் கெடுப்பது பெரும்பாலும் உயரமான எறிதல்கள் அல்ல, பக்கத்திலிருந்து ஒருவர் தன் எடையோடு உங்கள் காலின்மேல் இருந்துவிடுவதுதான். உங்கள் பின்னால் காலை நீட்டித் தானும் விழுந்து உங்களை விழுத்துகிற தானி ஒதோஷி தப்பாகச் செய்யப்படும்போது அது நடக்கும், அதை உங்கள்மேல் செய்ய வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கத்தரிபோலக் காலைப் போட்டு விழுத்துகிற கானி பசாமியை யார் காட்டினாலும் கிட்டப் போகாதீர்கள். 1980இல் யசுஹிரோ யமஷிட்டா என்கிற பெரிய ஜூடோ வீரருக்கே அதில் கால் எலும்பு முறிந்தது, இன்று ஜூடோவிலும் ஜியு ஜிட்சுப் போட்டிகளிலும் அதற்குத் தடை. மகனோடு மேலே சொன்ன நடைப் பயிற்சியைச் செய்யுங்கள், அதில் விழுகிற உயரம் குறைவு.

கேள்வி: மெத்தை வாங்கக் காசில்லை. கடற்கரை மணலில் பழகலாமா?
– ஒரு வாசகி, பருத்தித்துறை

பதில்: விழப் பழகவும் உடம்பைத் திருப்பிப் பழகவும் நல்ல மணல் உதவும் தங்கச்சி, சிப்பியும் போத்தல் ஓடும் இருக்கிறதா என்று முதலில் கையால் கிளறிப் பார்த்துவிடுங்கள். கால் வழிப்பதை மட்டும் அங்கே பழகாதீர்கள். பாதம் மணலில் புதையும், உரசிப் போகாது, வழிக்கிறவருடைய விரல் மடங்கும், புதைந்த காலோடு திரும்புகிறவருடைய முழங்கால் முறுகும். அதோடு மணலில் எடை இறங்குகிற நேரமே வேறு, அங்கே பழகிய நேரக்கணக்கு மெத்தையில் பிசகும். அதற்குச் சீமெந்துத் தரையில், விழுத்தாமல், நடந்து வழிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விழுத்துவதற்குப் பக்கத்துப் பாடசாலையில் ஜூடோ மெத்தை இருந்தால் பொறுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளுக்கு உதவி செய்ய வருகிறேன் என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.