செட் மாத்திரையில் வலி போகிறது, முகம் ஏன் உப்புகிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது, கிராமத்தில் இருக்கிறார். முழங்கால் வலிக்காகக் கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் ஒரு செட் மாத்திரையை ஆறு மாதமாகச் சாப்பிடுகிறார். அதில் மூன்று மாத்திரைகள், எதிலும் பெயர் இல்லை. வலி உடனே குறைகிறது. ஆனால் இப்போது முகம் உப்பியிருக்கிறது. இரண்டு நாள் விட்டால் எழுந்திருக்கவே முடியவில்லை என்கிறார். பி.பி. மாத்திரையும் உண்டு. இதை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். பயத்தில் பொட்டலத்தைப் பிடுங்கி வீசிவிட்டால் ஆபத்து கூடும் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

முகம் உப்பியிருப்பதைப் பார்த்தால், அந்த மூன்றில் ஒன்று ஸ்டீராய்டு என்று பலமாகச் சந்தேகப்படுகிறேன். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் எல்லாம் இந்த வகை. வீக்கத்தை வேகமாக அடக்கும், பசியைத் தூண்டும், உடம்புக்குத் தெம்பு வந்தது போல இருக்கும். ‘அந்தக் கடை மாத்திரைதான் கேட்கிறது’ என்று பேர் வாங்குவது இதனால்தான். மாதக்கணக்கில் இது உள்ளே போனால், உடம்புக்குத் தேவையான கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் திடீரென்று விட்டால் கடும் சோர்வு, வாந்தி, மயக்கம் வரும். ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மா இரண்டு நாளில் துவண்டுபோவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சர்க்கரை ஏறுவது, எலும்பு பலவீனமாவது போன்ற பாதிப்புகள் வெளியே தெரியாமலே நடக்கும்.

இன்னொன்று டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையாக இருக்கலாம். அது ரத்த அழுத்தத்தைக் கூட்டும், பி.பி. மாத்திரையின் பலனைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றுப் புண்ணும் ரத்தக் கசிவும் வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

தாமதிக்காமல் ஓரிரு நாளுக்குள் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மிச்சமிருக்கும் பொட்டலம், பி.பி. மாத்திரை அட்டை இரண்டையும் கையோடு கொண்டு போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்தத்தில் உப்புகளின் அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்டீராய்டுதான் என்றால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் மாத்திரைகளின் பெயரை மட்டும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். சிகிச்சைக்கு அந்தப் பெயர்தான் இப்போது அவசரமாகத் தேவை.

அம்மாவைத் திட்டாதீர்கள். மருத்துவமனை தூரத்தில், கடை பக்கத்தில் என்றால் வலியோடு இருப்பவர் கடைக்குத்தான் போவார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் என்று சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மருந்துகள் கிராமத்தில் கிடைக்கத்தான் வேண்டும். பெயர் தெரியாத மாத்திரையை மட்டும் யாரும் விழுங்கக் கூடாது. பாராசிட்டமாலையே உதாரணமாகப் பாருங்கள். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை 8, அதுதான் உச்ச வரம்பு. எடை குறைந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்களுக்கு அதைவிடக் குறைவு. பல சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது. பெயர் தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறிக் கல்லீரல் கெடும். ஓரிரு நாள் கழித்துத்தான் அது வெளியே தெரியும்.

நாலு மாத்திரை மட்டும் வாங்கினாலும் அட்டையோடு கேளுங்கள். காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிட்டால் தேதியைத் தாளில் குறித்து வாங்குங்கள்.

முழங்காலுக்கு வேறு வழி இருக்கிறது. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் மேலே தடவும் வலி ஜெல்லும் பலருக்கு நன்றாக உதவுகின்றன. அம்மாவுக்கு எது பொருந்தும் என்று பரிசோதனைக்குப் பிறகு மருத்துவரிடம் கேளுங்கள். அதற்குள் மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.