வடூஸ் கடிதத்தில் 'ஷ்ட்ராசெ'வுக்குக் கீழே சிவப்புக் கோடு

லீக்டன்ஸ்டைன் தலைநகர் வடூஸுக்கு எழுதும் ஜெர்மன் கடிதத்தில் 'ஷ்ட்ராசெ' (தெரு) என்ற சொல்லை இரட்டை எஸ் போட்டு எழுதினால், எழுத்துப்பிழை திருத்தி சிவப்புக் கோடு போடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியதுதான் சரி, மாற்றாதீர்கள். லீக்டன்ஸ்டைனில், சுவிட்சர்லாந்தைப் போலவே, எஸ்ட்செட் எழுத்தை (ஜெர்மனியில் இந்தச் சொல்லில் இரட்டை எஸ்ஸுக்குப் பதில் வருவது, பீட்டா மாதிரி இருக்குமே, அது) பயன்படுத்துவதில்லை.

அநேகமாகக் கோப்பின் மொழி 'ஜெர்மன் (ஜெர்மனி)' என்று இருக்கும். முழுக் கடிதத்தையும் தெரிவு செய்து 'ஜெர்மன் (லீக்டன்ஸ்டைன்)' ஆக்குங்கள். அது பட்டியலில் இல்லையென்றால் 'ஜெர்மன் (சுவிட்சர்லாந்து)' போதும். பிறகு அதே சொல்லை எஸ்ட்செட்டோடு தட்டிப் பாருங்கள். இப்போது கோடு அதற்குத்தான் விழ வேண்டும்.

ஒன்று கவனம்: 'மாஸெ' (அளவுகள்), 'மஸ்ஸெ' (திரள்) இரண்டுக்கும் அங்கே ஒரே எழுத்துக்கூட்டு. குறில் நெடில் காதுக்கு மட்டும்தான் தெரியும், எழுத்துப்பிழை திருத்தி அதைப் பிடிக்காது. ஜெர்மனிக்காரர் பெயரில் எஸ்ட்செட் இருந்தால் அப்படியே விடுங்கள், மொத்தமாக மாற்றும் கட்டளை வேண்டாம்.

லீக்டன்ஸ்டைனின் ட்ரீசன்பெர்க் மலையூரில் பேசும் வால்சர் என்ற ஜெர்மன் வட்டார வழக்கு வேறு சங்கதி. அலுவலகக் கடிதம் பொது ஜெர்மனில்தான்.