பட்டத்தின் பெயர் யாருடையது?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் துறைத்தலைவர். எங்கள் துறை பாடத்திட்டம் வகுத்து, புதிதாகப் பெயரிட்டு ஒரு எம்.எஸ்ஸி. படிப்பைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே பக்கத்து மாவட்டக் கல்லூரி அதே பெயரில் மாணவர்களைச் சேர்க்கிறது. பட்டத்தின் பெயரை அறிவுசார் சொத்தாகப் பதிவுசெய்ய முடியாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள பேராசிரியருக்கு,

முடியாது. முடியவும் கூடாது என்பதே என் எண்ணம். உழைத்தவர் ஒருவர், அறுவடை செய்பவர் இன்னொருவர் என்றால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்தப் பட்டத்தை வழங்குவதே உங்கள் கல்லூரி இல்லை, நீங்கள் இணைந்திருக்கும் பல்கலைக்கழகம். ‘எம்.எஸ்ஸி.’ என்பதும் பல்கலைக்கழக மானியக் குழு அரசிதழில் அறிவித்த பட்டப் பட்டியலில் இருக்கும் பொதுப்பெயர்.

தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று 2015இல் ஒரு திரைப்படத் தலைப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிரேட்மார்க் வழியும் அடைபட்டதுதான். படிப்பு எதைப் பற்றியது என்று மட்டும் சொல்லும் பெயரைப் பதிவுசெய்ய 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தடையாக நிற்கும். நீங்கள் எழுதிய பாடக்குறிப்புகளை அவர்கள் வரிக்கு வரி எடுத்திருந்தால் அது வேறு, தாராளமாக வழக்குத் தொடுங்கள்.

‘சி.எஃப்.ஏ.’ என்ற நிதிப் பகுப்பாய்வாளர் தகுதியின் பெயருக்காக வழக்கு நடந்ததே என்பீர்கள். உண்மைதான். அமெரிக்காவின் சி.எஃப்.ஏ. இன்ஸ்டிட்யூட் தொடுத்த வழக்கில், ஹைதராபாத்தின் இக்ஃபாய் கல்வி நிறுவனம் அந்த எழுத்துகளைப் பயன்படுத்த டெல்லி உயர் நீதிமன்றம் 2006இல் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் அது ஒரு தனியார் அமைப்பு தானே உருவாக்கித் தரும் தொழில்முறைத் தகுதி, பல்கலைக்கழகப் பட்டம் அல்ல.

பட்டத்தைக் காப்பது 1956ஆம் ஆண்டு மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. பெயர் யாருடையது என்ற கேள்விக்கே அது போவதில்லை. பட்டம் தரும் தகுதி யாருக்கு என்றுதான் பார்க்கிறது: சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரமளித்த நிறுவனம். அகமதாபாத் ஐ.ஐ.எம். 1961இல் தொடங்கியது. அதன் புகழுக்கு என்ன குறை? ஆனாலும் சங்கமாகப் பதிவான அமைப்பு என்பதால் எம்.பி.ஏ. தர முடியாமல் முதுநிலை டிப்ளமோவே தந்துவந்தது. 2017இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றிய பிறகுதான் ஐ.ஐ.எம்.களுக்குப் பட்டம் தரும் உரிமை வந்தது.

என் கோபமெல்லாம் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவின் மீதுதான். தகுதியில்லாமல் பட்டம் வழங்கினால் அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்! 1956இல் அது பெரிய தொகை. இன்று, கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய மாணவன் கையில் செல்லாத காகிதத்தைத் திணித்தவனுக்கு அது ஒரு தண்டனையா? மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் தொடர்ந்து வெளியிட வேண்டியிருப்பதிலேயே இந்தச் சட்டத்தின் பலம் தெரிகிறது.

ஆகவே பக்கத்துக் கல்லூரி உங்கள் பெயரை எடுத்ததா என்று பார்க்காதீர்கள். அந்தப் படிப்பை நடத்த அதன் பல்கலைக்கழகம் இணைப்பு அளித்திருக்கிறதா என்று பாருங்கள். அளித்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒரே பெயரில் நாலு இடத்தில் படித்தவர்கள் இருந்தால்தான் வேலை தருபவருக்கும் அது என்ன படிப்பென்று தெரியும், உங்கள் மாணவர்களுக்கும் அது நல்லது. இணைப்பு இல்லையென்றால் பல்கலைக்கழகத்துக்கும் மானியக் குழுவுக்கும் உடனே எழுதுங்கள். அந்த மனுவில் நானும் கையெழுத்திடுகிறேன்.