பாட முடியாத ஞாயிற்றுக்கிழமைகள்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். கோத்தகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு. அம்மாவும் நானும்தான் பார்த்துக்கொண்டோம். போன வருஷம் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்காகக் கோயம்புத்தூருக்கு இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தோம். சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள். ‘சுகம் ஆயிற்று, விசுவாசி’ என்று ஒருவர் உறுதியாகவே சொன்னார். அம்மா போய்விட்டார்கள். அடக்கம் முடிந்த அடுத்த வாரம் ஜெபக்குழுவில் ஓர் அக்கா, ‘உனக்குள் எங்கேயோ அவிசுவாசம் இருந்திருக்கும், யோசித்துப் பார்’ என்றார். அதிலிருந்து என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறேன். பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். தூக்கமும் சரியில்லை. நம்பாமல் போய் உட்காருவது மாய்மாலம் இல்லையா? அடுத்த மாதம் அம்மாவின் முதல் வருஷ நினைவு ஆராதனை. என்னைச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். என்ன சொல்வேன்?

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்தோத்திரம். முதலில் அந்த அக்கா சொன்னதைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என் மனதை மிகவும் வருத்தியது அதுதான். அது தவறு. நல்லெண்ணத்தில் சொல்லியிருந்தாலும் தவறுதான். தாயைப் புதைத்த மண் காய்வதற்குள் ஒரு மகளிடம் ‘உன்னால்தான்’ என்று சொல்ல எந்த விசுவாசிக்கும் உரிமை இல்லை.

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் கதையை நீங்கள் ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே கேட்டிருப்பீர்கள். நம் பிரசங்கங்களில் பெரும்பாலும் முதல் இரண்டு அதிகாரத்தின் பொறுமையையும், கடைசியில் இரட்டிப்பாகக் கிடைத்ததையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நடுவே இருப்பதைத்தான் நீங்கள் இப்போது வாசிக்க வேண்டும். நண்பர்கள் மூவர் வருகிறார்கள். ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் நல்லது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். பிறகு வாயைத் திறக்கிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், யோசித்துப் பார் என்கிறார்கள். உங்கள் ஜெபக்குழு அக்காவின் அதே பேச்சு. யோபு விடவில்லை. தான் பிறந்த நாளைச் சபிக்கிறான், தேவனோடு வழக்காடுகிறான், ஏன் என்னை இப்படி வதைக்கிறீர் என்று நேருக்கு நேர் கேட்கிறான். முடிவில் கர்த்தர் யார்மேல் கோபப்பட்டார்? அவருக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூவர்மேல். என் தாசனாகிய யோபைப்போல் நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்றார். 42-ஆம் அதிகாரம், 7-ஆம் வசனம். எடுத்துப் பாருங்கள்.

விசுவாசம் இருந்தால் பலன் உடனே வந்துவிடும், வராவிட்டால் விசுவாசம் இல்லை என்ற இந்தக் கணக்கு உங்கள் மலையின் சரித்திரத்துக்கே பொருந்தாது. சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் நீலகிரியில் கேத்திக்கு வந்தது 1846-இல். இந்த மலையின் படகர் சமூகத்தாரிடையே முதல் ஞானஸ்நானம் நடந்தது 1858-இல். நடுவில் பன்னிரண்டு வருஷம். அத்தனை வருஷமும் அவர்கள் அவிசுவாசத்தோடுதான் ஜெபித்தார்கள் என்று சொல்லத் துணிவோமா? அம்மா விஷயத்தில் ஏன் சுகம் கிடைக்கவில்லை என்று நீங்கள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் கிடையாது. பதில் இருக்கிறது என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்து மாய்மாலம். தெருச்சந்தியில் நின்று மனுஷர் காணும்படி ஜெபிக்கிறவர்களைத்தான் இயேசு மாயக்காரர் என்றார். நீங்கள் வாயை மூடிக்கொண்டு கடைசி பெஞ்சிலோ எங்கேயோ உட்கார்ந்திருக்கிறீர்கள். இல்லாத ஒன்றை இருப்பதுபோல் யாருக்குக் காட்டுகிறீர்கள்? நம்பிக்கை வராதபோது ‘அல்லேலூயா’ என்று உரக்கச் சொல்வதைவிடப் பாடாமல் இருப்பது நேர்மை.

இயேசுவின் சீஷனான தோமாவைச் சந்தேகக்காரன் என்று சொல்லிச் சொல்லியே நாம் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். மற்றச் சீஷர்கள் உயிர்த்தெழுந்த கர்த்தரைக் கண்டோம் என்கிறார்கள். கையைப் போட்டுப் பார்த்தாலொழிய விசுவாசிக்கமாட்டேன் என்கிறான் அவன். எட்டு நாளைக்குப் பிறகு கதவு பூட்டிய அந்த வீட்டுக்குள் பார்த்தால், அவனும் அவர்களோடு இருக்கிறான்! நம்பாதவன் எங்களோடு இருக்கக்கூடாது என்று அவர்களும் துரத்தவில்லை, நான் ஏன் இருக்க வேண்டும் என்று அவனும் கிளம்பிப் போகவில்லை. அந்த எட்டு நாள் அவன் சீஷனாக இல்லாமல் போய்விட்டானா? உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். நீங்கள் விசுவாசத்துக்கு வெளியே போய்விடவில்லை. நீங்கள் பாடாத பாட்டை அந்த வரிசையில் இருக்கும் மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்கட்டும். சபை எதற்கு இருக்கிறது? அந்த ஜெபக்குழுவுக்குக் கொஞ்ச நாள் போகாமல் இருக்கலாம், அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆராதனையை மட்டும் விட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தூக்கம் இல்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். சாவு வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். தின்று மறுபடி படுத்துத் தூங்கினான். அதற்கு முன் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அம்மாவை நீங்கள் எத்தனை அன்போடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனீர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபம் வராதபோது உங்கள் சொந்த வார்த்தையைத் தேட வேண்டாம். 88-ஆம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். சங்கீதங்களில் எத்தனையோ அழுகையில் தொடங்கித் துதியில் முடியும். இது அப்படி முடியாது. இருளிலேயே நின்றுவிடும். எழுதியவன் கடைசி வரியில்கூடத் தன்னைத் தேற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் ‘கர்த்தாவே’ என்றுதான் கூப்பிடுகிறான். இரவும் பகலும் கூப்பிட்டேன் என்கிறான். அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துப்போடவில்லை. இத்தனை நூற்றாண்டுகளாக அதுவும் ஜெபமாகவே சபையில் இருந்துவருகிறது.

இனி நினைவு ஆராதனை விஷயத்துக்கு வருகிறேன். சாட்சி என்றால் வெற்றிக் கதை என்று ஆகிவிட்டது நம் ஊர்களில். நீங்கள் அதைச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா எப்படிப்பட்டவர்கள், தோட்டத்தில் எப்படி வேலை செய்வார்கள், என்ன பாட்டுப் பாடுவார்கள், கடைசி நாட்களில் என்ன சொன்னார்கள், இதைச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்று தோன்றினால் பேசவே வேண்டாம். ஆயரிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள், அன்றைக்குச் சங்கீதம் 88-ஐ வாசிக்கும்படி கேளுங்கள். முழுவதும் வாசிக்க வேண்டும், பாதியில் நிறுத்தி வேறு வசனத்துக்குப் போகக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.