ஊரடங்கு கடுமையாகப் போகிறது என்றதும் கடைக்கு ஓடும் கூட்டம்: குடியிருப்புச் சங்கம் என்ன செய்யலாம்?

கேள்வி: தாம்பரம் பக்கம் 140 வீடுகள் உள்ள குடியிருப்பில் நலச் சங்கச் செயலாளராக இருக்கிறேன். கொரோனா காலத்தில் 'நாளையிலிருந்து முழு ஊரடங்காம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் போதும், அரை மணி நேரத்தில் பாதிப் பேர் கடை வாசலில் நின்றார்கள். குழுவில் ஒரு பக்கம் 'ராணுவத்தை இறக்கினால்தான் அடங்குவார்கள்' என்று சண்டை. இன்னொரு பக்கம் 'எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள்' என்று சண்டை. பதற்றப்படாதீர்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், யாரும் கேட்கவில்லை. இன்னொரு தொற்று வந்து, கட்டுப்பாடுகளைக் கூட்டப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பினால், அந்த முதல் இரண்டு நாளில் சங்கம் என்ன செய்ய வேண்டும்?

சமூக மருத்துவ நிபுணரின் பதில்:

கடைக்கு ஓடியவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று நினைப்பதை முதலில் விட்டுவிடுங்கள். அவரவர் வீட்டுக் கணக்கில் அது சரியான முடிவுதான். நாளைக்குக் கடை திறக்குமா என்று தெரியாதபோது இன்றைக்கே வாங்கி வைப்பதில் என்ன தவறு? ஆனால் எல்லோரும் ஒரே மணி நேரத்தில் அதையே செய்யும்போது, எந்தக் கூட்டத்தைத் தவிர்க்க ஊரடங்கு போடுகிறார்களோ அந்தக் கூட்டம் ஊரடங்குக்கு முதல் நாளே கூடிவிடுகிறது. 'பதற்றப்படாதீர்கள்' என்ற வார்த்தையால் இதைத் தடுக்க முடியாது. நாளைக்குப் பால் வருமா, மாத்திரை கிடைக்குமா, கூலி வருமா, ஊருக்குப் போக வழி உண்டா என்பதுதான் அவர்களின் கேள்வி. இவற்றுக்குப் பதில் கிடைத்தால் கூட்டம் தானாகக் குறையும்.

நம் ஊரில் நடந்ததையே பாருங்கள். 2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, கோவை, மதுரையில் 26-ம் தேதியிலிருந்து நான்கு நாள் முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடத் திறக்காது என்று அறிவிப்பு வந்தது. இடையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்றும் கடைகள் மதியம் 1 மணிக்கே மூட வேண்டும். காலையிலேயே கடைத்தெருக்கள் நிரம்பி வழிந்தன. நிலைமையைப் பார்த்து நேரத்தை 3 மணி வரை நீட்டினார்கள். அந்த நாட்களில் முண்டியடித்த இடங்களில் ஒன்று கோயம்பேடு. மே 5-ம் தேதி சந்தையை மூடியபோது, அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை தொற்று போயிருந்தது.

ஜூனில் அரசு முறையை மாற்றிக்கொண்டது. சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளுக்கு 19-ம் தேதியிலிருந்து 30 வரை ஊரடங்கு என்பதை 15-ம் தேதியே சொன்னார்கள். மளிகை, காய்கறிக் கடைகள் மதியம் 2 மணி வரை உண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முழுமையாக மூடல், அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் என்று விவரமும் இருந்தது. ஆனால் கூட்டம் இன்னொரு இடத்தில் கூடியது. ஜிஎஸ்டி சாலையில், பரனூர் சுங்கச்சாவடியில், மாவட்டம் தாண்டிப் போக அரசு கொடுத்த அனுமதியான இ-பாஸ் இருந்தவர்களும் இல்லாதவர்களுமாக வண்டிகள் வரிசை கட்டின. பைக்கில் பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். கடை திறந்திருக்கும் என்ற உறுதி, கையில் பணம் இருப்பவருக்குத்தான் உறுதி. வேலை போய், வீட்டு வாடகையும் பாக்கி நிற்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் ஊருக்குத்தான் போவார்.

மூன்றாவது, 2021 மே. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவான நேரம். ஏற்கெனவே ஊரடங்கு இருந்தது. 24-ம் தேதியிலிருந்து ஒரு வாரம் தளர்வே இல்லை என்று 22-ம் தேதி அறிவித்தார்கள். அந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரவு 9 மணி வரை கடை திறக்கலாம், வெளியூர்ப் பேருந்தும் ஓடும் என்றார்கள். காய்கறியை வண்டியில் வைத்துத் தெருத் தெருவாகக் கொண்டுவரும் ஏற்பாட்டையும் சொன்னார்கள். முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ நல்ல ஏற்பாடு. ஆனாலும் சந்தைகள் பிதுங்கின, காய்கறி விலை தாறுமாறாக ஏறியது.

அந்த சனிக்கிழமை மாலை ஒரு மளிகைக் கடை வரிசையில் நான் பார்த்த இரண்டு பேரைச் சொல்கிறேன். முன்னால் நின்றவர் 25 கிலோ அரிசி மூட்டை, ஐந்து லிட்டர் எண்ணெய், ரவை, சேமியா என்று அடுக்கிக்கொண்டிருந்தார். காய்கறி வண்டி வரும் என்கிறார்களே என்று கேட்டேன். "வரும் சார், எங்க தெருவுக்கு வருமா, எத்தனை மணிக்கு வரும்னு யாரு சொல்றா?" என்றார். அவருக்குப் பின்னால் வீட்டு வேலை செய்யும் ஓர் அக்கா, கையில் 200 ரூபாய். கால் கிலோ துவரம்பருப்பு, ஒரு பாக்கெட் எண்ணெய், மீதிக்குக் காய். முறை வருவதற்குள் தக்காளி தீர்ந்துபோனது. முன்னவர் பேராசையில் வாங்கவில்லை. அவருக்குத் தேவையான பதிலைச் சொல்ல அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான். அந்த பதில் இல்லாததன் விலையை அந்த அக்கா கொடுத்தார்.

உங்கள் சங்கத்துக்கு வேலை இருப்பது இங்கேதான். அரசாணை மாநிலத்துக்குப் பேசும். உங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு எது வரும் என்பதை அதில் எழுத முடியாது. அதை நீங்கள்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

பேச்சு கிளம்பிய முதல் மணி நேரத்தில், அது செய்தியா வதந்தியா என்று பாருங்கள். செய்தி மக்கள் தொடர்புத் துறை வெளியீடா, அதில் எண்ணும் தேதியும் இருக்கிறதா, அதே தகவல் மாவட்ட ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலும் இருக்கிறதா? பழைய தொலைக்காட்சிப் படத்தில் 'முழு ஊரடங்கு' என்று இருப்பதை எடுத்துப் புதிதுபோலச் சுற்றவிட்டது அப்போது நிறைய நடந்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன் 54-வது பிரிவில், பீதியைக் கிளப்பும் பொய் எச்சரிக்கையைப் பரப்பினால் ஓராண்டு வரை சிறை உண்டு என்பதையும் குழுவில் ஒருமுறை போட்டு வையுங்கள். ஆனால் 'வதந்தியை நம்பாதீர்கள்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். உத்தரவு உண்மையில் பரிசீலனையில் இருக்கலாம். அப்படி எழுதிவிட்டு மறுநாள் அறிவிப்பு வந்தால், அதன் பிறகு உங்கள் பேச்சை ஒருவரும் கேட்க மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்:

"மாலை 6 மணி நிலவரம். அரசு உத்தரவு இதுவரை வரவில்லை. வந்ததும் எண், தேதியோடு இங்கே போடுகிறோம். பால் வழக்கம்போல வரும், பால்காரரிடம் பேசியாயிற்று. நம் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி, சீட்டு அனுப்பினால் கேட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரை தீரப்போகிறவர்கள் மருத்துவர் சீட்டைப் படம் எடுத்து இரவு 9 மணிக்குள் அனுப்புங்கள். அடுத்த தகவல் காலை 8 மணிக்கு."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அடுத்த தகவல் எப்போது என்று தெரிந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியைப் பார்ப்பது குறையும். சொன்ன நேரத்துக்குப் போடுங்கள், புதிதாக ஒன்றுமில்லை என்றாலும் அதையே எழுதிப் போடுங்கள். முந்தைய நோய்ப் பரவல்களில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் மனநிலை பற்றிய 24 ஆய்வுகளை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் தொகுத்து, 2020 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். மனிதர்களை வாட்டுபவை என்று அதில் வந்த பட்டியலில் தொற்றுப் பயம், பண இழப்பு இவற்றோடு, போதிய தகவல் இல்லாமையும் போதிய பொருள் இல்லாமையும் இருந்தன. முன்னது உங்கள் கையில் முழுக்கவும், பின்னது ஓரளவும் இருக்கிறது.

அரைகுறைத் தகவல் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இத்தாலியைச் சொல்லலாம். 2020 மார்ச் 7 இரவு, லொம்பார்டி பகுதியை அடைக்கும் ஆணையின் வரைவு அறிவிப்புக்கு முன்பே கசிந்தது. அந்தப் பகுதியில் இருக்கும் மிலான் நகர ரயில் நிலையத்துக்கு மக்கள் ஓடி, தெற்கே போகும் ரயிலைப் பிடித்தார்கள். உங்கள் குழுவில் யாருக்காவது அரசு அலுவலகத்தில் தெரிந்தவர் இருந்து, 'உள்ளே பேசிக்கொள்கிறார்கள்' என்று தகவல் சொன்னால், அதை அப்படியே 140 வீட்டுக்கும் அனுப்பாதீர்கள். கடைக்காரரிடமும் பால்காரரிடமும் பேசி முடித்துவிட்டு, மேலே சொன்ன வடிவில் அனுப்புங்கள்.

அப்புறம் ஆட்களின் பட்டியல். இதற்குத் தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே எடுக்கலாம். தனியாக இருக்கும் முதியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் மாத்திரை எடுப்பவர்கள், தினக்கூலியில் ஓடும் வீடுகள். மாத்திரை எடுப்பவர்களிடம் எப்போதும் ஒரு மாதத்துக்கான கையிருப்பு இருக்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த நோய்களுக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது, பதியாதவர்களைப் பதிய வையுங்கள். டயாலிசிஸ் நோயாளியை எந்த வண்டியில் அழைத்துப் போவது, ஓட்டுநர் யார் என்பதை முடிவு செய்து எழுதி வையுங்கள்.

குழுச் சண்டைக்கு வருகிறேன். 'இன்னும் கடுமையாக்குங்கள்' என்பவர் பெரும்பாலும் பயத்தில் பேசுகிறார். அவர் வீட்டில் வயதான அம்மா இருக்கலாம். 'வேண்டாம்' என்பவருக்கு அடுத்த வார வருமானம் கண்ணுக்குத் தெரியவில்லை. இருவரும் பேசுவது தங்கள் வீட்டைப் பற்றி. எனவே குழுவில் தீர்ப்புச் சொல்லாமல், இருவரையும் தனித்தனியாக அழைத்து, வீட்டில் என்ன சிக்கல் என்று கேளுங்கள். கேட்டால் நீங்கள் செய்யக்கூடியது ஏதாவது ஒன்று நிச்சயம் கிடைக்கும்.

ஆனால் ஒன்றில் நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும். கடை பத்து நிமிடம் கூடுதலாகத் திறந்திருக்கிறது என்று உடனே போலீஸுக்குப் போன் போடும் பழக்கத்தை ஊக்குவிக்காதீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடிக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் இறந்துபோனார்கள். கடுமை என்று நாம் கேட்பது கடைசியில் யார் உடம்பில் விழுகிறது என்பது எனக்கு அன்றிலிருந்து பெரிய கவலை. கடைக்காரரிடம் நீங்களே நடந்துபோய்ப் பேசுங்கள், அவர் உங்கள் தெருக்காரர்தானே.

அதேபோல அரசு உத்தரவுக்கு மேல் சங்கம் சொந்தமாகச் சட்டம் போடக் கூடாது. அரசு அனுமதித்த நாட்களில்கூட வீட்டு வேலை செய்பவர்களையும் பேப்பர் போடுபவர்களையும் கேட்டிலேயே திருப்பி அனுப்பிய குடியிருப்புகள் உண்டு. தொற்று அவர்கள் வழியாகத்தான் வரும் என்று நினைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அலுவலகம் போய்வரும் வீட்டுக்காரரும் அதே கேட் வழியாகத்தான் வருகிறார். உத்தரவே அவர்களை வர வேண்டாம் என்று சொன்னால், அந்த மாதச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள். காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் சங்கத்தின் கடிதமும் அடையாள அட்டையும் வேண்டும். பேருந்து நின்றுபோனால் அவர்கள் எங்கே தங்குவார்கள், சாப்பாடு யார் வீட்டிலிருந்து என்பதும் முடிவாக வேண்டும். இதற்கெல்லாம் ஒரு தொகையை ஒதுக்கி, வரும் பொதுக்குழுவிலேயே தீர்மானம் போட்டு வையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு 140 வீட்டிலும் சம்மதம் கேட்க நேரம் இருக்காது.