‘ரெடியானதும் சொல்லு’ என்கிறார் அட்வைசர்: தீசிஸ் டிஃபென்ஸுக்குத் தேதி குறிப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் எம்.எஸ். படிக்கிறேன். மின்சார வாகன பேட்டரியைத் திரவத்தால் குளிர்விப்பது பற்றிய சிமுலேஷன்தான் என் தீசிஸ். இது கடைசி செமஸ்டர். மே மாத நடுவில் ஐ-20 (மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) முடிகிறது. ஐந்து அத்தியாயங்களில் மூன்று எழுதிவிட்டேன். டிஃபென்ஸ் (கமிட்டி முன் தீசிஸை விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தேர்வு) எப்போது வைக்கலாம் என்று கேட்டால் அட்வைசர் “ரெடியானதும் சொல்லு” என்கிறார். கமிட்டியில் உள்ள மற்ற இருவரில் ஒருவர் சபாட்டிகல் விடுப்பில் ஜெர்மனியில் இருக்கிறார். தேதியை யார் முடிவு செய்வது? எப்படித் தயாராவது?

பதில்: தேதியை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். நம் ஊரில் எம்.இ. வைவா என்றால் துறையிலிருந்து தேதி அறிவிப்பார்கள், வெளியிலிருந்து ஒரு எக்ஸாமினர் வருவார், நாம் பைண்டு பண்ணிய ரிப்போர்ட்டோடு போய் நின்றால் போதும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் யாராவது கூப்பிடுவார்கள் என்று நம் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். யாரும் கூப்பிடமாட்டார்கள். கமிட்டியின் நேரத்தைக் கேட்டு வாங்குவது, அறை பிடிப்பது, படிவம் போடுவது, நினைவூட்டுவது எல்லாம் மாணவரின் வேலை. உங்கள் அட்வைசர் அப்படிச் சொன்னதில் அலட்சியம் ஏதும் இல்லை. தேதியோடு வா என்றுதான் சொல்கிறார்.

எல்லோரும் டிஃபென்ஸ் நாளையே கடைசி நாளாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையான கடைசி நாள், திருத்திய தீசிஸை கிராஜுவேட் ஸ்கூலின் தளத்தில் ஏற்றி, அவர்கள் ஏற்றுக்கொள்ளவேண்டிய நாள். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால்தான் தேதி கிடைக்கும்.

கிராஜுவேட் ஸ்கூல் தளத்தில் இந்த செமஸ்டருக்கான டெட்லைன் பட்டியல் இருக்கும். பட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் (இது பல இடங்களில் செமஸ்டர் தொடங்கிய சில வாரங்களிலேயே வந்துவிடும், இன்றே பாருங்கள்), டிஃபென்ஸ் நடத்தக் கடைசி நாள், தீசிஸை ஏற்றக் கடைசி நாள் என்று குறைந்தது மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இவை மாறும். போன வருடம் முடித்த சீனியர் சொன்ன தேதியை நம்பவேண்டாம்.

ஒரு பேச்சுக்கு, ஏற்றக் கடைசி நாள் ஏப்ரல் 25 என்று வைத்துக்கொள்வோம். டிஃபென்ஸில் சொல்லப்படும் திருத்தங்களைச் செய்து, அட்வைசர் மறுபடி பார்த்து, கையெழுத்துகள் வாங்க இரண்டு வாரமாவது வேண்டும். அப்படியானால் டிஃபென்ஸ் ஏப்ரல் 10-க்குள். கமிட்டிக்கு முழு டிராஃப்ட் அதற்கு இரண்டு வாரம் முன்பே போகவேண்டும், பல இடங்களில் இது விதியாகவே இருக்கிறது. அது மார்ச் 27. அதற்கு முன் அட்வைசர் ஒருமுறை முழுசாகப் படிக்கவேண்டும், நீங்கள் திருத்தவேண்டும், அவர் மறுபடி பார்க்கவேண்டும். இதற்கு மூன்று வாரம். நடுவில் ஸ்பிரிங் பிரேக் வேறு வரும், அந்த வாரம் பல பேராசிரியர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். ஆக, மார்ச் முதல் வாரத்தில் முழு டிராஃப்ட் அட்வைசர் கையில் இருக்கவேண்டும். இப்போது ஜனவரி கடைசி. மீதி இரண்டு அத்தியாயங்களுக்கு உங்களிடம் இருப்பது ஐந்து வாரம் சொச்சம்தான். மேயில் முடிக்க ஏப்ரல் கடைசியில் டிஃபென்ஸ் வைத்தால் போதும் என்று நினைத்திருந்தால், இந்தக் கணக்கு தூக்கத்தைக் கெடுக்கும். கெடுக்கட்டும்.

முடித்த அத்தியாயங்களை இப்போதே ஒவ்வொன்றாக அட்வைசரிடம் கொடுக்கத் தொடங்குங்கள். மொத்தமாகக் கொடுத்தால் அவருக்கும் படிக்க மனம் வராது. ரிசல்ட்ஸ் அத்தியாயத்தில் இன்னும் ரன் ஆகாத கேஸ்கள் இருந்தால், எவை வேண்டும், எவற்றை ‘எதிர்கால ஆய்வு’ பகுதிக்குத் தள்ளலாம் என்று இந்த மாதமே பேசி முடிவெடுங்கள். எம்.எஸ். தீசிஸ் ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் போதும். பேட்டரி கூலிங்கில் உள்ள அத்தனை பிரச்சினைகளையும் தீர்க்கச் சொல்லி யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

அடுத்து, தேதி கேட்பது. முதலில் அட்வைசரிடம் போய், “ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் வைக்கலாம் என்று நினைக்கிறேன், மார்ச் முதல் வாரம் முழு டிராஃப்ட் தருகிறேன், சரியா?” என்று கேளுங்கள். எப்போது என்று கேட்டால் கிடைக்காத பதில், இப்படிக் கேட்டால் கிடைக்கும். அவர் தலையாட்டியதும் கமிட்டிக்கு ஒரே மின்னஞ்சல். தீசிஸ் தலைப்பு, எந்த செமஸ்டரில் முடிக்கிறீர்கள், டிராஃப்ட் எந்தத் தேதியில் அவர்கள் கைக்கு வரும், இரண்டு மணி நேரம் தேவை என்பது, கீழே டூடுல் போன்ற ஒரு வாக்கெடுப்பு லிங்க். இவ்வளவு போதும். எட்டுப் பத்து நேரங்களையாவது கொடுங்கள். மூன்று பேருக்கும் பொருந்துகிற ஒன்றைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

ஜெர்மனியில் இருப்பவரை நினைத்துக் கவலைப்படவேண்டாம். ஜூமில் கலந்துகொள்ள இப்போது பெரும்பாலான இடங்களில் அனுமதி உண்டு. உங்கள் இடத்து விதி என்ன, தனிப் படிவம் வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சென்ட்ரல் டைமில் இருந்தால் ஜெர்மனி ஏழு மணி நேரம் முன்னால் இருக்கும். உங்கள் காலை 9 முதல் 11 அவருக்கு மாலை 4 முதல் 6, இரண்டு பக்கத்துக்கும் வசதி. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், ஐரோப்பாவில் கடைசி ஞாயிறன்றுதான். இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் ஆறு மணி நேரமாகிவிடும். நினைவு வைத்துக் கணக்குப் போடுவதைவிட கேலண்டர் அழைப்பு அனுப்பிவிடுவது நல்லது, அது தானே மாற்றிக் காட்டும்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். பெரியவர்களை நச்சரிக்கிறோமோ என்ற தயக்கம் நமக்கு அதிகம். இங்கே அதை மரியாதைக்குறைவாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை, அழுத பிள்ளைக்குத்தான் பால். துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டரையும் சந்தித்துவிடுங்கள். எந்தப் படிவம், எத்தனை நாள் முன் அறிவிப்பு, எந்த அறையில் புரொஜெக்டர் சரியாக வேலை செய்யும் என்பதெல்லாம் அட்வைசரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மேயில் முடியாமல் கோடைக்குத் தள்ளிப்போனால்? பல பேராசிரியர்களுக்கு ஒன்பது மாதச் சம்பளம்தான், கோடையில் கமிட்டியைக் கூட்டுவது சிரமம். டிஃபென்ஸ் வைக்கும் டெர்மில் பதிவு செய்து ஃபீஸும் கட்டவேண்டியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐ-20 நீட்டிப்பை அது முடிவதற்கு முன்பே டிஎஸ்ஓவிடம் (வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயங்களைக் கவனிக்கும் பல்கலைக்கழக அலுவலர்) வாங்கவேண்டும். முடிந்தபின் கேட்டால் பெரிய சிக்கல்.

ஓபிடி (படிப்பு முடித்தபின் மாணவர் விசாவிலேயே வேலை செய்யக் கிடைக்கும் அனுமதி) கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிலிருந்து 60 நாள் பின்பு வரை விண்ணப்பிக்கலாம், டிஎஸ்ஓ செவிஸில் (அரசின் மாணவர் பதிவுத் தளம்) பரிந்துரை போட்ட 30 நாளுக்குள் ஐ-765 என்ற விண்ணப்பப் படிவம் போய்ச் சேரவேண்டும். உங்களுக்கு அந்தக் கதவு பிப்ரவரி நடுவிலேயே திறக்கிறது. அவசரப்பட்டு விண்ணப்பித்துவிட்டு, அப்புறம் தீசிஸ் ஆகஸ்டுக்குப் போனால் தேதிகள் முட்டிக்கொள்ளும். பாடங்கள் எல்லாம் முடிந்து தீசிஸ் மட்டும் மிச்சம் இருப்பவர்கள் ஓபிடியில் போக ஒரு வழி இருக்கிறது, ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த 12 மாதமும் கரையத் தொடங்கிவிடும். ஆகவே டிஃபென்ஸ் தேதி உறுதியானதும் முதலில் டிஎஸ்ஓவிடம் பேசிவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள். விசா விதிகள் மாறக்கூடியவை, வாட்ஸ்அப் குரூப்பில் வருவதை வைத்து முடிவெடுக்கவேண்டாம்.

இனி தயாரிப்பு. கமிட்டி உங்களிடம் பயங்கரமான கேள்வி ஏதோ கேட்கப்போகிறது என்று கற்பனை செய்யாதீர்கள். பெரும்பாலும் அடிப்படையைத்தான் கேட்பார்கள், ஆள் தடுமாறுவதும் அங்கேதான். உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்விக்கும் தட்டில் 4 மி.மீ. ஹைட்ராலிக் விட்டமுள்ள சேனல், அதில் பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைகால்-தண்ணீர் கலவை, வேகம் விநாடிக்கு 0.2 மீட்டர் என்று இருந்தால் அறை வெப்பநிலையில் ரெனால்ட்ஸ் நம்பர் (ஓட்டம் சீரானதா, கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்) 300-க்குள்தான் வரும். குழாய் ஓட்டம் டர்புலென்ட் (கொந்தளிப்பு) பக்கம் திரும்புவது சுமார் 2300-க்கு மேல். இந்த நிலையில் டர்புலென்ட் ஓட்டத்துக்கான கே-எப்சிலான் மாடலைப் போட்டிருந்தால், “ஏன் போட்டாய்?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ‘சாஃப்ட்வேரில் அதுதான் டீஃபால்ட்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அதே வரிசையில் வேறு கேள்விகளும் வரும். மெஷ்ஷை (கணக்கீட்டுக்காகப் பிரிக்கும் சிறு கட்டங்களை) இன்னும் நுணுக்கினால் அதிகபட்ச வெப்பநிலை எவ்வளவு மாறுகிறது? பேட்டரி வெளியிடும் வெப்பமும் திரவம் எடுத்துச்செல்லும் வெப்பமும் ஒத்துப்போகின்றனவா? செல்லின் வெப்ப உற்பத்தியை மாறிலியாக எடுத்தது எந்த அளவுக்குச் சரி? யாருடைய எக்ஸ்பெரிமென்ட்டோடு ஒப்பிட்டீர்கள், அவர்களுடைய அளவீட்டில் பிழை எவ்வளவு? உங்கள் தீசிஸை எதிரி படிப்பதுபோல் ஒருமுறை படித்து, ஒவ்வொரு அனுமானத்துக்குப் பக்கத்திலும் ‘ஏன்’ என்று எழுதிப் பாருங்கள். பதில் எழுத முடியாத இடங்கள்தான் நீங்கள் படிக்கவேண்டிய பாடம். கமிட்டியில் உள்ளவர்களின் சமீபத்திய கட்டுரைகளையும் ஒரு பார்வை பாருங்கள். மெட்டீரியல்ஸ் ஆள் தெர்மல் இன்டர்ஃபேஸைப் பற்றிக் கேட்பார், கண்ட்ரோல்ஸ் ஆள் பம்ப்பை எப்போது ஓட்டுவது என்று கேட்பார். அவரவர் வேலை செய்யும் இடத்திலிருந்துதான் கேள்வி வரும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். அதோடு நிறுத்தாமல், “அதை இப்படிச் சோதிப்பேன்” என்று ஒரு வரி சேருங்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வேறெதற்கோ பதில் சொல்வதுதான் கமிட்டியை எரிச்சலூட்டும்.

ஸ்லைடு விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்: மற்றவர்களுடைய ஆய்வைப் பற்றி இரண்டு ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். நாற்பது நிமிடப் பேச்சில் பதினைந்து நிமிடம் அறிமுகத்துக்கே போய், கடைசியில் ரிசல்ட்ஸை ஓட்டமாக ஓட்டுபவர்கள்தான் அதிகம். இரண்டாவது ஸ்லைடிலேயே என்ன கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். எல்லா ஸ்லைடிலும் ஸ்லைடு எண் இருக்கட்டும், மெஷ் அட்டவணை போன்றவை பின்னால் பேக்கப்பாக இருக்கட்டும். உங்கள் லேப் நண்பர்களிடம் மட்டும் ஒத்திகை பார்க்காதீர்கள், அவர்களுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். வேறு லேபிலிருந்து இரண்டு பேரை உட்காரவைத்துப் பேசுங்கள்.

அந்தக் குளிர்விக்கும் தட்டின் வடிவமைப்பில் காப்புரிமைக்கு வாய்ப்பு இருந்தாலோ, ஒரு நிறுவனம் பணம் கொடுத்திருந்தாலோ, டிஃபென்ஸ் அறிவிப்பு வெளியாகும் முன்பே அட்வைசரிடம் சொல்லுங்கள். பொதுமக்கள் வரக்கூடிய டிஃபென்ஸ் பகிரங்க வெளியீடாகக் கருதப்படலாம். அமெரிக்காவில் அதன்பிறகு விண்ணப்பிக்க ஒரு வருடம் உண்டு, ஐரோப்பாவில் பொதுவாக அந்த அவகாசம் கிடையாது. தீசிஸைச் சில காலம் வெளியிடாமல் வைக்க எம்பார்கோ கேட்கலாம்.

அன்றைய தினம் பொதுவாக நடப்பது: நீங்கள் பேசுவீர்கள், பார்வையாளர்கள் கேட்பார்கள், பிறகு அவர்களை அனுப்பிவிட்டுக் கமிட்டி தனியாகக் கேட்கும், கடைசியில் உங்களையும் வெளியே அனுப்பிவிட்டுப் பேசிக்கொள்வார்கள். வெளியே நிற்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மோசமாக எதையும் கற்பனை செய்யவேண்டாம், பாதி நேரம் படிவத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். வழக்கமான முடிவு ‘திருத்தங்களுடன் தேர்ச்சி’. சொல்லப்படும் திருத்தங்களை உடனுக்குடன் எழுதி, அன்று மாலையே பட்டியலாக மூவருக்கும் அனுப்பி, “இவ்வளவுதானே?” என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வாரம் கழித்துப் புதிதாக ஒன்று முளைக்கும்.

கமிட்டிக்குச் சமோசா, காபி வாங்கிப்போகவேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். பரிசோதிப்பவர்களுக்குச் சாப்பாடு போடுவது மாணவர் வேலை இல்லை, சில துறைகள் தடையே விதித்திருக்கின்றன. ஊரில் அப்பா அம்மா பார்க்க ஆசைப்பட்டால் ஜூம் லிங்க் கொடுக்கலாம், ஏப்ரலில் சென்ட்ரல் டைம் காலை 9 அங்கே இரவு 7:30. மைக்கை மியூட்டில் போடச் சொல்லிவிடுங்கள், வீட்டில் சீரியல் ஓடுகிற நேரம்.

கையெழுத்துப் படிவம் பெரும்பாலும் டாக்குசைன் (இணையத்தில் கையெழுத்து வாங்கும் சேவை) வழியாகப் போகும், ஸ்பாமில் விழுந்து கிடக்கும். ஜெர்மனிப் பேராசிரியரிடம் மறுநாளே கேட்டுப் பாருங்கள். தீசிஸின் மார்ஜின், பொருளடக்கம், பட அனுமதி போன்ற ஃபார்மட் சரிபார்ப்புக்கு டிஃபென்ஸுக்கு முன்பே அனுப்ப முடியுமென்றால் அனுப்பிவிடுங்கள், கடைசி வாரத்தில் அந்த அலுவலகத்தில் கூட்டம் அள்ளும். பட்டச் சான்றிதழ் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். வேலையில் சேரும் இடத்தில் அதற்கு முன்பே கேட்டால், எல்லாத் தேவைகளையும் முடித்துவிட்டார் என்ற கடிதத்தை ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். அதற்கு கிராஜுவேட் ஸ்கூல் உங்கள் தீசிஸை ஏற்றுக்கொண்டதாக அனுப்பும் மின்னஞ்சல் தேவைப்படலாம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.